தனியாகக் கேட்ட ஆமீன்

2009இல் ஓமானுக்குப் போய் இறங்கி மூன்றாவது நாள். நிஸ்வாவுக்குப் பக்கத்தில் ஃபிர்க் என்ற ஊரில் ஒரு கட்டுமான வேலைத்தளத்தின் ஸ்டோரில் எனக்கு வேலை, தங்கிய அறையும் அங்கேதான். அறைக்குப் பின்னால் பேரீச்சந்தோட்டம், அதற்குள் ஒரு சின்னப் பள்ளிவாசல். மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் வுழு செய்துகொண்டு (தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி) ஓடிப்போய் ஸப்பில், தொழுகை வரிசையில், நின்றேன். இமாம் குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் பாத்திஹாவை ஓதி முடித்தார். சின்ன வயதிலிருந்து இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் ஊரான மருதமுனையில் பழகின பழக்கம், அதன் கடைசிச் சொல்லான "வலழ்ழால்லீன்" என்று கேட்டதும் வாய் தானாகத் திறந்து உரத்த சத்தத்தில் "ஆமீன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பள்ளிக்குள் என் ஒருவனுடைய ஆமீன்தான் கேட்டது. வேறு யாரும் சொல்லவில்லை. கீழ்க்கண்ணால் பார்த்தேன், வலப்பக்கத்தில் நின்றவர் தக்பீர் கட்டவே இல்லை, இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டபடி நின்றார். இடப்பக்கமும் அப்படித்தான். முழு ஸப்பிலும் நெஞ்சில் கை கட்டி நின்றவன் நான் மட்டும்.

ஸலாம் கொடுத்த பிறகு என்ன நடக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பள்ளிக்குள் குரல் உயர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அத்தஹிய்யாத்தில் விரலை அசைத்ததற்காக ஒருவர் கையைப் பிடித்து அழுத்தினார்கள், சுபஹில் குனூத் ஓதும்போது கை ஏந்தாமல் நின்றதற்காக ஒரு பையனை வெளியே கூப்பிட்டு விசாரித்தார்கள். இங்கே பக்கத்தில் நின்ற பெரியவர் என் பக்கம் திரும்பி, கையைப் பிடித்து, எந்த நாடு என்று கேட்டார். சிலோன் என்றேன். பேரீச்சம்பழமும் கஹ்வாவும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆமீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அறைக்கு வந்து கூட இருந்த காத்தான்குடிக்காரரிடம் கேட்டேன். "இவங்க இபாழிகள், கவாரிஜ்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்ரஸாவில் நாலு வருஷம் ஓதியவன் நான். கவாரிஜ் என்றால் நாலாவது கலீபா அலீ (ரழி) அவர்களைக் கொன்றவர்கள், பெரும்பாவம் செய்த முஸ்லிம்களைக் காபிர், அதாவது நிராகரிப்பாளர், என்று சொல்லி வெட்டியவர்கள், அதற்கு மேல் உஸ்தாத் எதுவும் சொல்லித் தரவில்லை. எனக்குக் கஹ்வா ஊற்றித் தந்த மனிதரும் அந்தப் பாடமும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை.

அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன். ஸ்டோரின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டவர் அந்தப் பெரியவர்தான் என்பது மறுநாளே தெரிந்தது. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு கிடைத்த அரபு நூல்களைத் தட்டுத் தடுமாறி வாசித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்துதான் இந்தப் பதிவு. நான் ஷாபிஈ மத்ஹபுக்காரன் (ஸுன்னிகளின் நாலு சட்டப் பிரிவுகளில் ஒன்று), இன்றைக்கும் அதேதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்த இபாழி மக்களுடைய வரலாறு நம் பக்கத்தில் தப்பாகச் சொல்லப்படுகிறது என்பது நீண்ட நாளாக மனதில் கிடக்கிறது.

தொடங்க வேண்டிய இடம் ஸிப்பீன். ஹிஜ்ரி 37, கிறிஸ்து ஆண்டு 657. யூப்ரடீஸ் நதிக்கரையில் அலீ (ரழி) அவர்களின் படையும் ஷாமிலிருந்து (இன்றைய சிரியாப் பக்கம்) வந்த முஆவியா (ரழி) அவர்களின் படையும் மோதின. ஷாம் படை பின்வாங்கும் நிலை வந்தபோது ஈட்டி முனைகளில் குர்ஆன் ஏடுகளைக் கட்டி உயர்த்தினார்கள், அல்லாஹ்வின் வேதமே நமக்கிடையில் தீர்ப்புச் சொல்லட்டும் என்று. சண்டை நின்றது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நடுவரை வைப்பது என்று முடிவானது, அலீயின் பக்கம் அபூ மூஸா அல்அஷ்அரீ, முஆவியாவின் பக்கம் அம்ரு இப்னுல் ஆஸ்.

அலீயின் படைக்குள்ளேயே இதை ஏற்காத ஒரு கூட்டம் இருந்தது. வரம்பு மீறிய கூட்டம் அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும்வரை அதோடு போரிடுங்கள் என்று குர்ஆன் (49:9) தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, அதற்கு மேல் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து என்ன தீர்ப்புச் சொல்வது என்று கேட்டார்கள். "லா ஹுக்ம இல்லா லில்லாஹ்", தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே. அதனால்தான் அவர்களுக்கு முஹக்கிமா என்று முதலில் பெயர் வந்தது. அலீ (ரழி) அவர்கள் சொன்ன பதிலும் பிரபலமானது: சொல் உண்மையானது, அதை வைத்து நாடுவது பொய்யானது. ஈராக்கில் கூபாவுக்குப் பக்கத்தில் ஹரூரா என்ற இடத்தில் அவர்கள் தனியாகப் போய்த் தங்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) போய்ப் பேசினார், ஒரு பகுதியினர் திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் அர்ராஸிபீயைத் தலைவராக்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷம், 658இல், நஹ்ரவானில் அலீயின் படை அவர்களைப் பெரும்பாலும் அழித்தது, இப்னு வஹ்பும் அங்கேயே கொல்லப்பட்டார். 661இல் கூபா பள்ளியில் அலீ (ரழி) அவர்களை வெட்டிய இப்னு முல்ஜம் அந்தக் கூட்டத்தின் எச்சத்திலிருந்து வந்தவன்.

நஹ்ரவானில் இறந்தவர்களை இபாழிகள் இன்றுவரை அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் என்றுதான் பார்க்கிறார்கள், அதை அந்தப் பெரியவர் என்னிடம் மறைக்கவில்லை. நான் அதை ஏற்கவில்லை, அவரிடமே சொன்னேன். இருந்தாலும் அந்தக் களத்திலிருந்து உயிர் தப்பியவர்கள் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை என்பதுதான் எங்கள் மத்ரஸாவில் விட்டுப்போன பாடம்.

தப்பியவர்களில் பலர் ஈராக்கின் பஸரா நகரத்தில் அமைதியாக வாழ்ந்தார்கள். அபூ பிலால் மிர்தாஸ் என்பவர் அவர்களில் முக்கியமானவர், ஸிப்பீனிலும் நஹ்ரவானிலும் இருந்தவர். கண்ணில் பட்ட முஸ்லிம்களை எல்லாம் வெட்டுகிற வேலை கூடவே கூடாது என்பது அவருடைய நிலை. அப்போது ஆண்ட முஆவியாவின் குலமான உமையாக்களின் ஆளுநர் இப்னு ஸியாதின் கொடுமை தாங்க முடியாமல் போனபோது நாற்பது பேரோடு ஊரை விட்டு வெளியேறினார், தன்னைத் தாக்காதவரைத் தாக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு. வழியில் அரசாங்கப் பணம் போய்க்கொண்டிருந்ததாம், அதை மறித்து, தனக்கும் தன்னுடைய ஆட்களுக்கும் முறைப்படி வரவேண்டிய மானியத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே அனுப்பிவிட்டார். ஹிஜ்ரி 61இல் அவர் கொல்லப்பட்டார். கர்பலாவும் அதே வருஷம், அதே ஆளுநர்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியமான இடம், ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2013இல் தங்கச்சியுடைய கல்யாணத்துக்காக லீவில் ஊருக்கு வந்தேன். வாப்பா கைத்தறி நெய்தவர், மருதமுனையில் எந்தத் தெருவில் போனாலும் தறிச் சத்தம் கேட்ட காலத்தில் மூன்று தறி வைத்திருந்தவர், அந்தக் கைக்காசும் என்னுடைய ஓமான் காசும் சேர்த்துத்தான் மாடு வாங்கி அறுத்துச் சாப்பாடு வைத்தோம். ராத்தாவின் (அக்காவின்) மாப்பிள்ளை, என் மூத்த மச்சான், பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனில் கை வைக்கப் போனவர் திடீரென்று கேட்டார்: "மாட்ட ஆர் அறுத்தது?" வாப்பா பெயரைச் சொன்னார். தெருவில் எல்லாருக்கும் அறுத்துக் கொடுக்கிற மனிதர், தரீக்காக்காரர், அதாவது ஸூபி வழியில் இருப்பவர், கந்தூரியும் மவ்லூதும் விடாதவர். மச்சான் கையை எடுத்துவிட்டார். "அவர் அறுத்தத நான் தின்னமாட்டன். அவர் ஷிர்க் வைக்கிற ஆள், அவர்ட அறுவை ஹலாலில்ல." ஷிர்க் என்றால் அல்லாஹ்வுக்கு இணைவைப்பது. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்த சஹனிலிருந்து எழும்பிப் போனார். மச்சான் அந்த நேரம் ஒரு இயக்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ராத்தா அழுதாள். அறுத்த மனிதர் முன்வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், எல்லாம் அவர் காதில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வாப்பா அதை மறக்கவே இல்லை, மவுத்தாகும்வரை.

லீவு முடிந்து ஃபிர்க்குக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் ஸ்டோரில் சாப்பாட்டு நேரத்தில் இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இந்தக் கேள்வி ஹிஜ்ரி 64ஆம் வருஷத்துக் கேள்வி. நாங்கள் பிறந்ததே இந்தக் கேள்வியில்தான்" என்றார்.

சரி, அந்த வருஷத்துக்கு வருவோம். 683, 684. உமையா கலீபா யஸீத் இறந்து அந்த ஆட்சி ஆட்டம் கண்ட நேரம். முஹக்கிமாக்காரர்கள் சிலர் மக்காவுக்குப் போய், உமையாக்களை எதிர்த்த இப்னு ஸுபைரோடு நின்றுவிட்டு, அவரோடும் ஒத்துப்போகாமல் பஸராவுக்குத் திரும்பினார்கள். அங்கேதான் உடைந்தார்கள். நாபிஃ இப்னுல் அஸ்ரக் என்பவர் ஒரு பக்கம். அவருடைய வாதம் இது: நம்மோடு சேராத முஸ்லிம்கள் எல்லோரும் முஷ்ரிக்குகள், இணைவைப்பவர்கள். நம்முடைய கொள்கையை ஏற்றுக்கொண்டும் புறப்பட்டு வராமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவனும் காபிர். அவர்களோடு கல்யாணம் கூடாது, வாரிசுச் சொத்து கூடாது, அவர்கள் அறுத்ததைச் சாப்பிடக்கூடாது. அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும் கொல்வதுகூட ஆகும். இவர்களுக்குத்தான் அஸாரிகா என்று பெயர். மத்ரஸாவில் எனக்குச் சொல்லித்தந்த கவாரிஜ் வர்ணனை முழுக்க இவர்களுடையது.

அதை மறுத்தவர்களில் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு இபாழ். அவருடைய பேச்சு நேர் எதிரானது: கிப்லாவை நோக்கித் தொழுகிறவன் முஷ்ரிக் ஆக மாட்டான். அவன் தப்புச் செய்தால் அது அல்லாஹ்வின் அருளுக்கு நன்றி கெட்ட செயல், குப்ர் நிஃமா என்று அதற்குப் பெயர். இணைவைத்தலான குப்ர் வேறு, இது வேறு. ஆகவே அவர்களோடு கல்யாணம் பண்ணலாம், வாரிசுச் சொத்து செல்லும், அவர்கள் அறுத்ததைச் சாப்பிடலாம், அவர்களுக்கு நடுவில் வாழலாம். சண்டை என்று வந்துவிட்டாலும் அவர்களுடைய சொத்தைக் கொள்ளையடிக்கவோ பெண்கள் பிள்ளைகளை அடிமையாக்கவோ கூடாது.

அறுவை. அந்தச் சொல் அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தது. மச்சான் சஹனிலிருந்து எழும்பிய அதே இடத்தில் சுமார் 1330 வருஷத்துக்கு முன்னால் பஸராவில் ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அன்றைக்கு "அவன் முஸ்லிம்தான், அவன் அறுத்ததைச் சாப்பிடு" என்று சொன்ன பக்கத்திலிருந்து வந்தவர்களைத்தான் நாங்கள் கவாரிஜ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இப்னு இபாழுடைய பெயர்தான் இந்தப் பிரிவுக்கு நின்றது, ஆனால் அதை அவர்களே வைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். தங்களை அவர்கள் அஹ்லுத் தஃவா என்றும் முஸ்லிம்களின் ஜமாஅத் என்றும் சொல்லிக்கொண்டார்கள். அவர்களைக் கேட்டால் உண்மையான இமாம் என்று வேறொருவரைச் சொல்வார்கள், ஜாபிர் இப்னு ஸைத். பிறந்தது ஃபிர்க்கில். நான் தினமும் சிமெந்து மூட்டை எண்ணிக்கொண்டிருந்த அதே ஃபிர்க்கில்! இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் நடந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

அஸ்த் கோத்திரத்து ஓமானியர் அவர். பஸராவுக்குப் போய் வளர்ந்தார், இப்னு அப்பாஸின் மாணவர், ஆயிஷா நாயகியிடமும் கேட்டுப் படித்தவர். பஸரா மக்கள் ஜாபிரின் சொல்லைக் கேட்டால் அல்லாஹ்வின் வேதத்தைப் பற்றிய அறிவை அவர்களுக்கு விசாலமாகத் தருவார் என்று இப்னு அப்பாஸே சொன்னதாக நம்முடைய கிதாபுகளில் இருக்கிறது. ஆமாம், நம்முடைய கிதாபுகளில்தான். நபியவர்கள் மதீனாவில் லுஹரையும் அஸரையும் எட்டு ரக்அத்தாக, மஃரிபையும் இஷாவையும் ஏழு ரக்அத்தாகச் சேர்த்துத் தொழுதார்கள் என்ற ஹதீஸ் புகாரியில் வருகிறதே, அதை இப்னு அப்பாஸிடமிருந்து அறிவிக்கும் அபுஷ் ஷஃஸா என்பவர் இவர்தான். மத்ரஸாவில் அந்தப் பெயரை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அவர் யார் என்று உஸ்தாதிடம் கேட்கத் தோன்றவில்லை. தான் இபாழி இல்லை என்று அவரே மறுத்ததாக ஸுன்னி நூல்கள் சொல்கின்றன, மறைந்து வாழவேண்டிய காலத்தில் வேறு எப்படிச் சொல்வார் என்று இபாழிகள் கேட்கிறார்கள். மார்க்கக் கேள்விகளுக்குப் பதிலாக அவர் எழுதிய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன, தன்னுடைய கடிதத்தை வைத்திருக்காமல் அழித்துவிடச் சொல்லும் இடமும் அவற்றில் உண்டு. ஈராக்கை ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுப் ஆண்ட காலம் அது, கடிதம் ஒன்றே தலையை எடுக்கப் போதும். ஒரு கட்டத்தில் ஹஜ்ஜாஜ் அவரை ஓமானுக்கு நாடு கடத்தவும் செய்தான்.

அவர் மவுத்தான கதையை அந்தப் பெரியவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. மரணப் படுக்கையில் என்ன ஆசை என்று கேட்டார்களாம். ஹஸனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாராம். ஹஸன் அல்பஸரீ, நம் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் மகான்களில் ஒருவர். அவரும் அப்போது ஹஜ்ஜாஜுக்குப் பயந்து ஒளிந்திருந்தார், இருந்தாலும் இரவோடு இரவாக வந்து பார்த்தார். இதுவும் இரண்டு பக்கத்து நூல்களிலும் இருக்கிறது. ஹிஜ்ரி 93 என்பது அவர் மவுத்துக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் வருஷம்.

அவருக்குப் பிறகு வந்தவரைத்தான் எனக்கு எல்லோரையும்விடப் பிடிக்கும். அபூ உபைதா முஸ்லிம் இப்னு அபீ கரீமா. தமீம் கோத்திரத்தாரால் விடுதலை செய்யப்பட்டவர், அரபுக் குலப் பெருமை எதுவும் இல்லாதவர், கூடை முடைந்து பிழைத்தவர். அதனால் அல்கஃப்பாஃப், கூடை முடைபவர், என்பது அவருடைய பட்டப்பெயர். ஹஜ்ஜாஜின் சிறையில் கிடந்து, 714இல் அவன் செத்த பிறகுதான் வெளியே வந்தார். பிறகு பஸராவில் நிலத்துக்கு அடியில் ஓர் அறையில் பாடம் நடத்தினார். வாசலில் ஓர் ஆள் இருப்பார், ஒரு சங்கிலி தொங்கும். அந்நியர் யாராவது வந்தால் சங்கிலி ஆடும், உள்ளே பாடம் நின்றுவிடும், எல்லோரும் கூடை முடைந்துகொண்டிருப்பார்கள். ஆள் போனதும் மறுபடி பாடம்.

இதை வாசித்தபோது எனக்கு மூத்தம்மா பன்பாய் இழைப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. சாயம் போட்ட பன்னை விரலுக்கிடையில் வைத்து இழைத்தபடியே எங்களுக்கு யாஸீன் சொல்லித்தருவா, கை நிற்காது, நாங்கள் தப்பாக ஓதினால் வாய் மட்டும் திருத்தும். வாப்பாவும் அப்படித்தான், தறிக்குழிக்குள் காலை வைத்துக்கொண்டு ஸலவாத் ஓதுவார். கைத்தொழில்காரன் வீட்டில் இல்ம், மார்க்க அறிவு, எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கூடைக்காரர் எனக்குத் தூரத்து மனிதராகத் தெரியவில்லை.

அந்த நிலவறையிலிருந்துதான் இந்த மத்ஹபு உலகத்துக்குப் போனது. படித்து முடித்தவர்களைச் சிறு குழுக்களாக அவரவர் நாட்டுக்கு அனுப்பினார், ஹமலத்துல் இல்ம், அறிவைச் சுமப்பவர்கள் என்று பெயர். ஓமான், யமன், ஹழ்ரமௌத், குராஸான், மேற்கே மக்ரிப். ஹழ்ரமௌத்தில் 747இல் அப்துல்லாஹ் இப்னு யஹ்யா எழுந்தார், தாலிபுல் ஹக் என்று பெயர் பெற்றவர். ஸன்ஆவைப் பிடித்து, கஜானாவைத் திறந்து ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத் தனக்கென்று எதுவும் எடுக்கவில்லை. அவருடைய தளபதி அபூ ஹம்ஸா மக்காவையும் மதீனாவையும் கைப்பற்றினார். கைப்பற்றும் வழியில் குதைத் என்ற இடத்தில் மதீனாக்காரர்கள் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள், அதை மறைத்துவிட்டு அவருடைய அழகான குத்பாவை, பிரசங்கத்தை, மட்டும் பேசுவது நியாயமில்லை. அடுத்த வருஷமே உமையாப் படை வந்து இருவரையும் முடித்தது.

ஓமானில் 750இல் அல்ஜுலந்தா இப்னு மஸ்ஊத் முதல் இமாமாகத் தெரிவானார், இரண்டு வருஷத்தில் அப்பாஸியப் படையிடம் உயிரை விட்டார். நாற்பது வருஷம் கழித்து, 793இல், மறுபடி இமாமத் எழுந்தது, நிஸ்வா தலைநகரானது, இந்தத் தடவை நூறு வருஷம் நின்றது.

இந்த விழுவதையும் எழுவதையும் அவர்கள் மார்க்கச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சமூகம் நாலு நிலையில் இருக்கலாம்: ளுஹூர் என்றால் இமாமோடு வெளிப்படையாக ஆட்சி செய்வது, திஃபாஃ என்றால் ஆபத்தில் தற்காப்பு, ஷிரா என்றால் உயிரைக் கொடுக்கத் துணிந்த குறைந்தது நாற்பது பேர் புறப்படுவது (அபூ பிலாலின் அந்த நாற்பது), கித்மான் என்றால் மறைந்து பொறுமையாக வாழ்வது. நிலவறைக்குள் கூடை முடைவதற்கும் மார்க்கத்தில் ஓர் இடம் கொடுத்து வைத்தார்கள். அஸாரிகா பார்வையில் வீட்டில் இருப்பவன் காபிர், இவர்கள் பார்வையில் வீட்டில் இருப்பதும் ஒரு நிலை. அஸாரிகா ஒரு தலைமுறை தாண்டவில்லை. இவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மக்ரிபுக்கு வருகிறேன். அபூ உபைதாவிடம் ஐந்து வருஷம் படித்துவிட்டு மேற்கே போனவர்களில் அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தும் ஒருவர், பாரசீக வம்சம். இன்றைய அல்ஜீரியாவில் தாஹர்த் என்ற நகரம் எழும்பியபோது, 776 அளவில், யாரை இமாமாக்குவது என்ற கேள்வி வந்தது. அங்கே இருந்த பெர்பர் கோத்திரங்கள் ஒவ்வொன்றிலும் தகுதியான ஆள் இருந்தார்கள். ஆனால் ஒரு கோத்திரத்துக்காரரை வைத்தால் மற்றது சண்டைக்கு வரும். இப்னு ருஸ்துமுக்கு அங்கே கோத்திரமே இல்லை. நீதியாக நடந்தால் நல்லது, கெட்டுப்போனால் அவருக்காகக் கத்தியைத் தூக்க ஆள் இல்லை, இறக்கிவிடலாம். அதைச் சொல்லியே தெரிவு செய்தார்கள்! கலீபா குறைஷியாகத்தான் இருக்க வேண்டும் என்று மற்ற எல்லோரும் பேசிய காலத்தில் இந்தப் பேச்சு.

கிழக்கு மாகாணத்து ஆளுக்கு இது உடனே புரியும். தாய் வழியில் வருகிற குடி, குடிக்கு ஒரு மரைக்காயர், பள்ளி நிர்வாகத்தில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று தலைமுறை தலைமுறையாகக் கதைத்தவர்கள் நாங்கள். குடியே இல்லாத வெளியூரானைப் பெரிய பள்ளித் தலைவராக்குவது, அதுவும் பிழை செய்தால் இறக்க வசதி என்பதற்காகவே ஆக்குவது, நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

இப்னு ருஸ்துமைப் பற்றிய இன்னொரு சம்பவத்தை எழுதி வைத்தவர் இப்னுஸ் ஸகீர், தாஹர்த்தில் வாழ்ந்தாலும் இபாழி இல்லாதவர். புதிய இமாமுக்கு உதவியாகப் பஸராவிலிருந்து பணத்தோடு தூதர்கள் வந்தார்கள். வீட்டைக் கேட்டுப் போனால் கூரையில் ஒரு மனிதர் களிமண் பூசிக்கொண்டிருக்கிறார், கீழிருந்து வேலையாள் மண்ணை எடுத்துக் கொடுக்கிறார். இமாம் எங்கே என்று கேட்கிறார்கள். அவர்தான் இமாம். இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டு, ரொட்டியும் நெய்யும் வைத்து உபசரித்தார். பிறகொரு தடவை அதைவிட அதிகமாகப் பணம் வந்தபோது, எங்களுக்கு இப்போது தேவையில்லை, உங்கள் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

இவ்வளவுக்கும் பிறகு அவருடைய மகன் அப்துல் வஹ்ஹாப்தான் அடுத்த இமாமானார், அதற்கடுத்து அவர் மகன். அந்தத் தெரிவை மறுத்தவர்கள் நுக்கார் என்று தனியாகப் பிரிந்தார்கள். அதாவது குலம் வேண்டாம் என்று தொடங்கிய இடத்திலும் குலம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெரியவர் இதைச் சொன்னபோது பெருமூச்சு விட்டார். 909இல் ஷீஆ ஆட்சியாளர்களான பாதிமிகள் தாஹர்த்தைப் பிடித்தார்கள். தப்பியவர்கள் பாலைவனத்துக்குள் போனார்கள், அங்கே முன்பு இமாமாக இருந்த ஒருவரைத் திரும்பவும் பதவி ஏற்கச் சொன்னபோது, ஆடுகளுக்குள் ஒட்டகம் ஒளிய முடியாது என்று மறுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அங்கே கித்மான்தான். அல்ஜீரியாவின் முஸாப் பள்ளத்தாக்கு, துனீசியாவின் ஜெர்பா தீவு, லிபியாவின் நபூஸா மலை, இங்கெல்லாம் அந்தக் குடும்பங்கள் இன்றைக்கும் வாழ்கின்றன.

ஓமானில் இமாமத் திரும்பத் திரும்ப எழுந்தது. 1624இல் வந்த யஃரூபி இமாம்களைப் பற்றி மட்டும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெரும் தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று படித்திருப்பீர்கள். அதே போர்த்துக்கேயரை 1650இல் மஸ்கட்டிலிருந்து துரத்தியவர் யஃரூபி இமாம். மஸ்கட் துறைமுகத்துக்கு மேலே நிற்கும் அந்தக் கோட்டைகளைப் பார்க்கும் போதெல்லாம் மட்டக்களப்புக் கோட்டைதான் ஞாபகம் வரும்.

அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் நிறைய உண்டு. குர்ஆன் படைக்கப்பட்டது என்கிறார்கள். மறுமையில் அல்லாஹ்வைக் கண்ணால் காண்பது இல்லை என்கிறார்கள். தௌபா (பாவமன்னிப்புத் தேடல்) செய்யாமல் இறந்த பெரும்பாவி நரகத்திலிருந்து வெளியே வரவே மாட்டான் என்கிறார்கள், அது எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. பராஆ என்றொரு முறை உண்டு, பாவத்தில் பிடிவாதமாக இருப்பவனோடு மனதளவில் உறவை விலக்கிக்கொள்வது, அதன் கடுமையையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் விலக்கிக்கொண்டாலும் அவன் ஸலாத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், அவன் ஜனாஸாவைத் தொழ வேண்டும், அவன் உரிமையைக் கொடுக்க வேண்டும். அவனை முஸ்லிம்களின் பட்டியலிலிருந்து வெட்டுவதற்கு மட்டும் வழியே வைக்கவில்லை.

2018இல் ஊரோடு வந்துவிட்டேன். அடுத்த வருஷம் ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதலில் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகள் இறந்தார்கள். 26ஆம் தேதி இரவு சாய்ந்தமருதில், அந்தத் தாக்குதல்காரர்களின் ஆட்கள் ஒளிந்திருந்த வீடு வெடித்தது. எங்கள் ஊருக்கும் சாய்ந்தமருதுக்கும் பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான், அன்றிரவு இந்தக் கரையில் யாரும் தூங்கவில்லை. அந்த மாதிரி ஆட்கள் முதலில் வெட்டியது பக்கத்துவீட்டு முஸ்லிமுடைய ஈமானைத்தான் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், மிம்பரிலும் மைக்கிலும் வருஷக்கணக்காகக் கேட்டோம், அவன் முஷ்ரிக், இவன் காபிர் என்று. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

மச்சான் அந்த இயக்கத்தை விட்டு விலகி வெகு காலமாயிற்று. வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்தார், பிறகு அடிக்கடி வருகிறார். போன நோன்பில் ஒருநாள் நோன்பு திறந்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது ஃபிர்க் கதையை எடுத்தேன். அஸ்ரக், இபாழ், அறுவை, எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவர் உன்னப் பின்னால நிண்டு தொழ விட்டாரா?" என்று கேட்டார்.

"விட்டார். ஒருநாள் என்னையே முன்னுக்குத் தள்ளிவிட்டுட்டார், மச்சான்" என்றேன். உண்மைதான். சரக்கு இறக்கி முடிய இருட்டிவிட்டது, பள்ளியில் ஜமாஅத் முடிந்துவிட்டது, ஸ்டோருக்குள் அட்டைப்பெட்டியை விரித்து நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் வயதில் மூத்தவர், ஓதினவர், நான் எவ்வளவோ பின்வாங்கினேன். தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"மறுகா? பாத்திஹா முடிய ஆமீன் சொன்னியா?"

"சொன்னேன்."

"அவர்?"

"சொல்லல்ல. நான் சொல்லி முடியுமட்டும் பின்னால காத்துக்கொண்டு நிண்டார்."

மச்சான் எழும்பி இஷாவுக்கு வுழு செய்யப் போனார்.